86,400 நொடிக்குள் அடங்காத நாள்

2024 ஜூலை 5ஆம் தேதி, 86,400 நொடி முடிய இன்னும் 1.66 மில்லிநொடி இருக்கும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டது. அணுக் கடிகாரம் வந்த பிறகு அதுவரை அளக்கப்பட்ட நாட்களில் அதுதான் மிகக் குட்டையானது. அதற்கு முன் அந்தப் பெயர் 2022 ஜூன் 29க்கு (1.59 மில்லிநொடி குறைவு) இருந்தது, அதற்கும் முன் 2020 ஜூலை 19க்கு (1.47). 'பூமி வேகமெடுக்கிறது' என்று தலைப்புகள் வந்தன. அதே 2024இல், பனி உருகுவதால் பூமியின் சுழற்சி மெதுவாகிறது என்று ஆய்வுகளும் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் ஏதோ ஒன்று பொய் என்றுதான் நினைத்திருப்பார். இரண்டும் மெய். பூமியின் சுழற்சியை ஒரே நேரத்தில் பல கைகள் இழுக்கின்றன. ஒரு கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இழுத்து விடுகிறது, இன்னொன்று ஆண்டுக்கு ஒருமுறை, வேறொன்று பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. ஒன்று மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கிறது. எந்தக் கால அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் 'வேகம் கூடியது', 'குறைந்தது' என்றால் அதற்குப் பொருளே இல்லை.

முதலில் அளவை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டில் தரை நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 1.66 மில்லிநொடி என்றால் அங்கே சுமார் 77 சென்டிமீட்டர்; ஒரு கைத்தடியின் நீளத்துக்கும் குறைவு. ஒரு மில்லிநொடி என்பது ஒரு நாளில் 8.64 கோடியில் ஒரு பங்கு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையிலான நேரம், ஆண்டின் போக்கில் 86,400 நொடியைவிட 20 நொடி வரை குறையும், 30 நொடி வரை கூடும். சூரியக் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அச்சு சாய்ந்திருப்பதும் இதற்குக் காரணம். சுழற்சி வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தக் கட்டுரையின் பேச்செல்லாம் தொலைவிலுள்ள வான்பொருட்களை வைத்துப் பார்க்கும்போது பூமி எத்தனை பாகை திரும்பியது என்பதைப் பற்றித்தான்.

எப்படி அளக்கிறார்கள்

பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவேசார்கள், அதாவது மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்கள், வானில் அசையாத குறிகள். ஒரே குவேசாரின் ரேடியோ அலையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்களின் துணையோடு பதிவு செய்கின்றன. அலை ஒன்றை எட்டியபின் மற்றொன்றை எட்டும் தாமதம், அந்தக் கணத்தில் பூமி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கிழக்கு மேற்காக நீண்ட இணைதான் இதற்கு ஏற்றது. ஹவாயின் கோக்கீ பார்க், ஜெர்மனியின் வெட்செல் இரண்டும் சேர்ந்து இதற்காகவே ஏறத்தாழ ஒரு மணி நேர அவதானிப்புகளை அன்றாடம் நடத்துகின்றன. கிடைக்கும் துல்லியம் சுமார் 20 மைக்ரோநொடி, அதாவது நிலநடுக்கோட்டில் ஒரு சென்டிமீட்டர். தொலைநோக்கிக்கு மேலே காற்றில் இருக்கும் நீராவிதான் பெரிய தொல்லை. அது அலையைத் தாமதப்படுத்தும், அதன் அளவோ மணிக்கு மணி மாறும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் போதாதா என்று கேட்கலாம். இன்றைக்கும் நாளைக்கும் இடையே சுழற்சி எவ்வளவு மாறியது என்பதை அவை நன்றாகவே சொல்லும். ஆனால் செயற்கைக்கோளின் சுற்றுத்தளமே மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதால், திரும்பியது பூமியா சுற்றுத்தளமா என்று அவற்றால் தனித்துப் பிரிக்க முடியாது. வாரக்கணக்கில் பிழை சேரும். அதைத் திருத்த மறுபடி குவேசாரிடம்தான் போக வேண்டும்.

நாள் நீளம் வேறு, கடிகாரப் பிழை வேறு

பொதுப் பேச்சில் மிக அதிகமாகத் தவறும் இடம் இது. 1967இல் நொடியை சீசியம்-133 அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்று வரையறுத்தார்கள். இந்த எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வானியலாளர் சைமன் நியூகோம் வகுத்த சூரிய அட்டவணையின் நொடியோடு பொருந்தும்படி எடுத்தது. அந்த அட்டவணைக்கு அடிப்படையான அவதானிப்புகள் 1750க்கும் 1892க்கும் இடைப்பட்டவை. ஆகவே நம் 'நொடி', 1820 வாக்கில் இருந்த சராசரி நாளை 86,400ஆல் வகுத்தால் கிடைப்பது. நடைமுறைக்கு வந்த அன்றே அது பழைய சட்டை. 1972இல் உண்மையான நாள் 86,400 நொடியைவிடச் சுமார் 3 மில்லிநொடி நீளமாக இருந்தது.

நாளுக்கு 3 மில்லிநொடி என்றால் ஏறத்தாழ 333 நாளில் ஒரு நொடி சேர்ந்துவிடும். அதனால்தான் 1972 ஜூன் 30 முதல், கடிகாரத்தைப் பூமியோடு பொருத்த, லீப் நொடி என்ற கூடுதல் நொடியைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 2016 டிசம்பர் 31 வரை 27 முறை சேர்த்தாயிற்று. பூமி 'மெதுவாகிக்கொண்டே வருவதால்' லீப் நொடி தேவைப்படுகிறது என்று எழுதுவது பாதி உண்மைதான். பூமி இனி மெதுவாகவே ஆகாமல் நாளுக்கு 2 மில்லிநொடி அதிகம் என்ற நிலையிலேயே நின்றுவிட்டாலும், 500 நாளுக்கு ஒரு லீப் நொடி தேவைப்படும். மாதத்துக்கு 30 நொடி பிந்தும் கைக்கடிகாரம் 'வேகம் குறைந்துகொண்டே' போகிறது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அது ஒரே சீராகத்தான் பிந்துகிறது. உண்மையில் 1972க்குப் பிறகு பூமி, மொத்தப் போக்கில், வேகம் கூடித்தான் வந்திருக்கிறது. அதனால்தான் ஆரம்பத்தில் ஆண்டுக்கு ஒன்று என்றிருந்த லீப் நொடி, 1999க்கும் 2005 இறுதிக்கும் இடையே ஒன்றுகூட இல்லாமல் போனது.

வேகம் மாற மூன்று வழி

சுழலும் பொருளிடம் இருக்கும் சுழற்சியின் மொத்த இருப்புக்கு இயற்பியலில் கோண உந்தம் என்று பெயர். வீட்டுக் கணக்கு மாதிரி யோசிக்கலாம். பணம் வீட்டைவிட்டே வெளியே போகலாம். வீட்டுக்குள்ளேயே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறலாம். மூன்றாவது, பணத்தின் தொகை மாறாமல் விலைவாசி மாறலாம். நிலா முதல் வகை. காற்றும் பூமியின் மையப்பகுதியான கருவமும் இரண்டாம் வகை. பனியும் நிலநடுக்கமும் மூன்றாம் வகை: உந்தம் அதேதான், நிறை பரவியிருக்கும் விதம் மாறுவதால் வேகம் மாறுகிறது. பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் வட்டத் தட்டில் ஓரத்திலிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் நடுவுக்கு நகர்ந்தால் தட்டு விறுவிறுவெனச் சுழலும். மறுபடி ஓரத்துக்கு வந்தால் தளரும். பாடநூல் சொல்லும் நிலைமத் திருப்புத்திறன் இதுதான்.

நிலாவின் பிடி

நிலாவின் ஈர்ப்பால் கடல்நீர் நிலா இருக்கும் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் புடைக்கிறது. பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது. நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள் எடுக்கிறது. உராய்வு இருப்பதால் புடைப்பு நிலாவுக்கு நேர் கீழே நிற்பதில்லை. வேகமாகச் சுழலும் பூமி அதைச் சற்று முன்னே இழுத்துப்போகிறது. முன்னே துருத்திய அந்தப் புடைப்பை நிலா பின்னுக்கு இழுக்கிறது, புடைப்போ நிலாவை முன்னுக்கு இழுக்கிறது. பூமி இழக்கும் உந்தம் நிலாவுக்குப் போய்ச் சேர, நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. அப்போலோ 11, 14, 15 பயணங்களும் சோவியத் லூனகோட் வண்டிகளும் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் கதிரை மோதவிட்டு அளந்த கணக்கு இது.

படங்களில் வரைவதுபோல இரண்டு நேர்த்தியான புடைப்புகள் கடலில் கிடையாது. கண்டங்கள் வழிமறிப்பதால் ஓத அலை (கடல் ஏறி இறங்கும் அலை) ஒவ்வொரு பெருங்கடலிலும் சுழன்று சுழன்று ஓடுகிறது. ஆற்றல் எங்கே தொலைகிறது என்பது பல பத்தாண்டுகள் விவாதமாக இருந்தது. ஐரிஷ் கடலை வைத்து இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் கணக்கிட்ட பிறகு, ஆழமற்ற கடல்களின் அடித்தள உராய்வே முழுக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹட்சன் விரிகுடா, பட்டகோனியா கடலோரம், மஞ்சள் கடல் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோள் கடல்மட்டத்தை அளந்த தரவுகளைக் கொண்டு 2000இல் செய்த ஆய்வு, ஆற்றலில் கால்பங்குக்கும் மேல், சுமார் ஒரு டெராவாட், ஆழ்கடல் மலைத்தொடர்களின்மேல் ஓதம் மோதி உள்ளலைகளாக, அதாவது நீருக்குள்ளேயே எழும் அலைகளாக, சிதறும்போது தொலைகிறது என்று காட்டியது.

இந்தத் தடையால் மட்டும் நாள் நூற்றாண்டுக்குச் சுமார் 2.3 மில்லிநொடி நீள வேண்டும். மிகச் சிறியதுதான், ஆனால் அது சேரும் விதம் வேறு. நாளின் நீளம் காலத்தோடு நேராகக் கூடினால், கடிகாரப் பிழை காலத்தின் வர்க்கமாகக் கூடும். இதற்குச் சாட்சி பாபிலோன் களிமண் பலகைகளில் இருக்கிறது. பொ.ஆ.மு. 136 ஏப்ரல் 15 காலையில் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாக அவை பதிவு செய்கின்றன. பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுழன்றதாக வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்த நிழல் பாபிலோனுக்கு 48.8 பாகை மேற்கே, மத்தியதரைக்கடலின் மறுகோடியில் விழும். 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்கில் மூன்றேகால் மணி நேர வேறுபாடு.

கையாலேயே சரிபார்க்கலாம். 1820க்கும் அந்தக் கிரகணத்துக்கும் இடையே 19.55 நூற்றாண்டு. நூற்றாண்டுக்கு 1.78 மில்லிநொடி வீதம் அன்றைய நாள் சுமார் 35 மில்லிநொடி குட்டை. இடைப்பட்ட காலத்தின் சராசரி அதில் பாதி, 17.4. ஏறத்தாழ 7,14,000 நாளால் பெருக்கினால் 12,400 நொடி வருகிறது, அதாவது மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு எளிய கணக்குக்கு இந்த நெருக்கம் போதும்.

ஆனால் 2.3 என்று சொல்லிவிட்டு 1.78 என்று போட்டது ஏன்? பாபிலோன், சீனா, கிரேக்கம், அரபு உலகம் ஆகியவற்றின் கிரகணப் பதிவுகளை எல்லாம் சேர்த்து ஸ்டீபன்சன், மோரிசன், ஹோஹென்கெர்க் மூவரும் 2016இல் வெளியிட்ட கணக்கில், கடந்த 2,700 ஆண்டுகளின் உண்மையான நீட்சி நூற்றாண்டுக்கு 1.78 மில்லிநொடிதான். அப்படியானால் ஓதத் தடைக்கு எதிராக ஏதோ ஒன்று அரை மில்லிநொடிக்கு மேல் பூமியை விரைவுபடுத்திவந்திருக்கிறது.

நிமிரும் நிலம்

அதில் பெரும்பங்கு கடைசிப் பனியுகத்தின் மிச்சம். கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் சில கிலோமீட்டர் தடிமனுக்கு மூடியிருந்த பனி, கீழே இருந்த நிலத்தை அமுக்கியிருந்தது. பனி போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. ஹட்சன் விரிகுடாப் பகுதி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எழுகிறது. அடியில், மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள கவசப்பாறை, உயர் அட்சரேகைகளை நோக்கி மெல்ல நகர்வதால் பூமியின் இடுப்புப் பருமன் துளித்துளியாகக் குறைகிறது. பிள்ளைகள் தட்டின் நடுவுக்கு நகரும் கதை.

இந்தப் பழைய நிமிர்வும் இன்றைய பனி உருகலும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்பவை. இரண்டையும் 'பனி உருகல்' என்று ஒரே பெயரில் குறித்துவிடுவதால் பல கட்டுரைகள் தடுமாறுகின்றன.

இன்றைய உருகலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி டன் பனியை இழக்கின்றன. துருவத்தருகே, சுழல் அச்சுக்குப் பக்கத்தில் இருந்த நிறை, உலகக் கடல் முழுக்கப் பரவி அச்சிலிருந்து விலகுகிறது. அதனால் பூமியின் நிலைமத் திருப்புத்திறன் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும். 86,400 நொடியால் பெருக்கினால் ஆண்டுக்கு நூற்றில் ஒரு மில்லிநொடி, நூற்றாண்டுக்கு ஒரு மில்லிநொடி. மலைப்பனியாறுகளையும் நிலத்தடி நீரையும் சேர்த்து முறையாகச் செய்த 2024ஆம் ஆண்டு ஆய்வில், 2000க்குப் பிந்தைய வீதம் நூற்றாண்டுக்கு 1.33 மில்லிநொடி. 20ஆம் நூற்றாண்டில் இது 0.3க்கும் 1.0க்கும் இடையே இருந்தது. கரிம உமிழ்வு கட்டுக்கடங்காமல் போனால் 2100 வாக்கில் 2.62ஐ எட்டும், நிலாவின் தடையையே மிஞ்சும் என்கிறது அதே ஆய்வு.

நிலா வேலையைப் பற்றி இன்னொன்று. ஓத உராய்வு எப்போதும் இன்றைய வலுவிலேயே இருந்ததாக வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலா பூமியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிலாவின் வயதோ 450 கோடி. இன்றைய பெருங்கடல்களின், குறிப்பாக வட அட்லாண்டிக்கின், வடிவம் அரைநாள் ஓதத்தோடு ஒத்ததிர்வுக்கு நெருக்கமாக இருப்பதால் தடை இப்போது வழக்கத்துக்கு மீறி வலுத்திருக்கிறது. கண்டங்கள் வேறு மாதிரி இருந்தபோது அது குறைவு. பாறைகளும் இதையே சொல்கின்றன. 1963இல் ஜான் வெல்ஸ், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியக் காலப் பவளங்களில் நாளுக்கொன்றாகப் படியும் வளர்ச்சி வரிகளை ஆண்டுக்கு ஏறத்தாழ 400 என்று எண்ணினார். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிப்பியினத்தின் ஓட்டில் ஆண்டுக்கு 372 வரிகள், அதாவது நாளுக்கு இருபத்துமூன்றரை மணி. தென் ஆஸ்திரேலியாவின் எலாட்டினா ஓதப் படிவுகள் 62 கோடி ஆண்டுகளுக்கு முன் நாள் 22 மணிக்குச் சற்றுக் குறைவு என்கின்றன.

கண்ணுக்கு எட்டாத கருவம்

நூற்றாண்டுக்கு 1.78 மில்லிநொடி என்பது சராசரிக் கோடு. உண்மை வரைபடமோ அந்தக் கோட்டின் மேலும் கீழும் பல மில்லிநொடி ஏறி இறங்கும். 1870 வாக்கில் நாள் 86,400ஐவிடச் சுமார் 3 மில்லிநொடி குறைவு. 1910ஐ ஒட்டி ஏறத்தாழ 4 அதிகம். நாற்பதே ஆண்டில் 7 மில்லிநொடி! நிலாவுக்கு இதே வேலையைச் செய்ய மூன்று நூற்றாண்டு வேண்டும். காற்றாலும் கடலாலும் இவ்வளவு உந்தத்தை இவ்வளவு காலம் பிடித்துவைத்திருக்க முடியாது. மிஞ்சுவது காலடியில் 2,890 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் திரவ இரும்பு வெளிக் கருவம்தான்.

கருவம் மேலே உள்ள கவசத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டதல்ல. காந்தப்புலக் கோடுகள் வழியாகவும், எல்லையிலுள்ள மேடுபள்ளங்களில் திரவம் மோதுவதாலும், திண்மமான உட்கருவத்துக்கும் கவசத்துக்கும் இடையிலான ஈர்ப்பாலும் உந்தம் கைமாறுகிறது. கருவம் தளர்ந்தால் நாம் நிற்கும் பகுதி விரையும். இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. பூமியின் காந்தப்புலம் ஆண்டுக்காண்டு மாறும் விதத்திலிருந்து கருவத்தின் மேற்பரப்பு ஓட்டத்தைக் கணிக்கலாம். அந்த ஓட்டத்தின் உந்தத்தை நாள் நீளக் கணக்கோடு பொருத்தினால் பத்தாண்டு அளவிலான ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. 2013இல் ஹோம், தெ விரோன் இருவரும் கிட்டத்தட்ட ஆறாண்டுக்கு ஒருமுறை வரும் சிறு அசைவைப் பிரித்துக்காட்டினார்கள். காந்தப்புலத்தில் தோன்றும் திடீர்த் திருப்பங்களோடு அது சேர்ந்து வருகிறது. ஆனால் எதிர்காலத்தைக் கணிப்பதென்று வந்தால் கருவத்தின் கணக்குதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. மூன்று பிணைப்புகளில் எது எவ்வளவு வலுவானது என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. '2029இல் இப்படி ஆகும்' என்று ஆண்டு குறித்து யாராவது எழுதினால், கருவம் இன்றைய போக்கிலேயே தொடரும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.

காற்றின் கைமாற்று

வளிமண்டலத்தின் நிறை பூமியின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஆண்டுக்குள் நடக்கும் மாற்றங்களில் பெரும்பங்கு அதனுடையது. மேல்வளியில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் தாரைக்காற்று வலுக்கும்போது அந்த உந்தத்தைப் பூமிதான் கொடுத்தாக வேண்டும்; நாள் நீளும். காற்று தளரும்போது கடன் திரும்பி வரும். தரையோடு காற்று உராய்வதாலும், இமயம், ஆண்டிஸ், ராக்கி போன்ற மலைகளின் இருபுறமும் காற்றழுத்தம் வேறுபடுவதாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

வட அரைக்கோளத்தில் நிலம் அதிகம் என்பதால் கோடைக்கும் குளிருக்கும் இடையே காற்று மாறும் அளவும் அங்கே அதிகம். தெற்கு இதை முழுதாகச் சமன் செய்வதில்லை. எனவே ஜூலை, ஆகஸ்டில் நாள் குட்டையாகவும் வடக்கின் குளிர்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் நீளமாகவும் இருக்கும். ஆண்டு அலையும் அரையாண்டு அலையும் தனித்தனியே மூன்றில் ஒரு மில்லிநொடி வீச்சு கொண்டவை. பாரிஸில் நிக்கோலா ஸ்தோய்க்கோ 1930களில் குவார்ட்ஸ், ஊசல் கடிகாரங்களை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிட்டார். இப்போது பதிவாகும் குட்டை நாள் சாதனைகள் ஜூன் கடைசியிலோ அதற்குப் பின்னோ வருவது இதனால்தான். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டலத்துக்கு வெளியே மேற்குக் காற்று கூடுதலாக வலுக்க, நாள் ஒரு மில்லிநொடிக்கு அருகில் நீளும். 1983 தொடக்கத்தில் அப்படி நடந்தது. 2016 ஜனவரியில் சுமார் 0.8.

நிலாவுக்கு இதில் இரண்டாவது வேலையும் உண்டு. அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும்போது பூமியின் இடுப்பு சற்றுப் புடைக்கிறது. வடகோடிக்கோ தென்கோடிக்கோ விலகும்போது இடுப்பு இளைத்து நாள் குட்டையாகிறது. 13.66 நாளுக்கு ஒருமுறை வரும் இந்த அசைவின் வீச்சும் மூன்றில் ஒரு மில்லிநொடிதான். இதை மட்டும் ஆண்டுகளுக்கு முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம்.

நிலநடுக்கம், அணை என்று செய்திகளில் வருவனவற்றை விரைந்து கடந்துவிடலாம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம், ஆழிப்பேரலையாக நம் கரைகளைத் தாக்கிய அதே நடுக்கம், நாளை 6.8 மைக்ரோநொடி குறைத்திருக்க வேண்டும் என்று நாசாவின் ரிச்சர்ட் கிராஸ் கணக்கிட்டார். 2011 ஜப்பான் நடுக்கத்துக்கு 1.8. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை முழுதும் நிரம்பினால் 0.06 மைக்ரோநொடி கூடும். இவை எல்லாம் கணக்கில் வருபவை; அளவீட்டின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும், யாரும் நேரடியாக அளந்ததில்லை.

கடிகாரக்காரர்களின் தலைவலி

சீசியம் கடிகாரங்களின் நேரத்துக்கும் பூமியின் கோணத்துக்கும் 0.9 நொடிக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது விதி. பாரிஸ் வானாய்வகத்தில் உள்ள பூமிச் சுழற்சிச் சேவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, லீப் நொடி உண்டா இல்லையா என்று அறிவிக்கிறது. கடைசியாகச் சேர்த்தபோது இந்திய, இலங்கை நேரம் 2017 ஜனவரி 1 காலை 5:29:59க்குப் பிறகு 5:29:60 வந்து, அதன்பின்தான் 5:30:00 ஆனது.

60 என்று ஒரு நொடி இருக்க முடியும் என்று பல மென்பொருள்களுக்குத் தெரியாது. பெரும்பாலான கணினிகள் 59ஆம் நொடியை இருமுறை ஓட்டிச் சமாளிக்கின்றன. அங்கேதான் சிக்கல்: நேரம் ஒரு கணம் பின்னால் போகிறது. 2012இல் லினக்ஸ் கருநிரலின் டைமர் பகுதி இதில் மாட்டி, பல சர்வர்களின் சிபியு முழு மூச்சில் வீணாகச் சுழன்றது. 2017 தொடக்கத்தில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் பெயர்-முகவரிச் சேவையில், இரண்டு நேரங்களைக் கழித்தால் எதிர்ம எண் வராது என்று எழுதிய ஒரு வரி, எதிர்ம எண் வந்ததும் முடங்கிப்போனது. கூகுள் வேறு வழி பிடித்தது: நண்பகலிலிருந்து மறுநாள் நண்பகல் வரை ஒவ்வொரு நொடியையும் 11.6 மைக்ரோநொடி நீட்டி, கூடுதல் நொடியைக் கரைத்துவிடுவது. ஆனால் கரைப்பவர்களும் கரைக்காதவர்களும் பேசிக்கொள்ளும்போது அந்த ஒரு நாள் முழுக்க அரை நொடி வரை முரண் இருக்கும். ஜிபிஎஸ் நேரத்திலோ லீப் நொடியே கிடையாது. இன்று அது 18 நொடி முந்தி ஓடுகிறது.

நொடியைச் சேர்ப்பதற்கே இவ்வளவு பாடு. இதுவரை யாரும் நொடியை நீக்கியதில்லை. நீக்கினால் 23:59:58க்கு அடுத்து நேராக 00:00:00 வரும். இந்த வழியைச் சோதித்துப் பார்த்த நிரல்கள் மிகக் குறைவு. கருவம் இப்படியே தளர்ந்தால் 2029 வாக்கில் அதற்குத் தேவை வரலாம், பனி உருகல் மட்டும் குறுக்கே வராவிட்டால் 2026லேயே வந்திருக்கும் என்று புவி இயற்பியலாளர் டங்கன் ஆக்னியூ 2024இல் எழுதினார். இதற்கிடையே 2022 நவம்பரில் கூடிய எடை, அளவுகளுக்கான பொது மாநாடு, 0.9 நொடி என்ற வரம்பை 2035க்குள் தளர்த்துவது என்று தீர்மானித்துவிட்டது. வரம்பு ஒரு நிமிடம் என்றானால்கூட ஒரு தலைமுறைக்குப் பிரச்சினை இல்லை. தொலைநோக்கியைத் திருப்புபவர்களும் விண்கலம் ஓட்டுபவர்களும் வேறுபாட்டைத் தனி எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். இப்போதும் அவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி 2024 ஜூலை 5ஐப் பிரித்துப் பார்க்கலாம். கருவமும் மற்ற மெதுவான காரணங்களும் சேர்ந்து அந்த ஆண்டின் சராசரி நாளை 86,400 நொடியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. 1972இல் இதே அடித்தளம் 3 மில்லிநொடி மேலே இருந்தது. சாதனைக்கான உண்மையான காரணம் இந்த இறக்கம்தான். அதன்மேல் ஜூலையின் தளர்ந்த காற்று அரை மில்லிநொடிக்கு மேல் குறைத்தது. அன்று அமாவாசை, சூரியனும் வடக்கே, நிலாவும் ஏறத்தாழ 28 பாகை வடக்கே. 18.6 ஆண்டுச் சுழற்சியில் நிலா மிக அதிகமாக விலகும் காலம் வேறு, ஆக அதன் பங்கு அரை மில்லிநொடியை நெருங்கியது. எஞ்சியதை அந்த வாரத்து வானிலை பார்த்துக்கொண்டது. அடுத்த வாரமே நிலா நிலநடுக்கோட்டைக் கடந்தது, நாளும் நீண்டது. அதே ஆண்டு வசந்தத்தில் பல நாட்கள் 86,400ஐத் தாண்டித்தான் முடிந்திருந்தன. அவற்றைப் பற்றி யாரும் தலைப்புப் போடவில்லை.